மண்டோர் மகள் படித்த ஆப்பிரிக்கா

ஒரு பழைய ஆங்கிலப் புத்தகத்தில் அந்தப் படத்தை நான் முதன்முதலில் பார்த்தது ராவாங்கில் நான் வேலை செய்யும் தொழிற்சாலையின் கேண்டீனில். பக்கத்தில் பாதி தின்ற நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம். காங்கோ நாட்டில் வெள்ளைக்காரன் காலத்தில் எடுத்த படம் அது. கூடை கூடையாக ரப்பரைச் சுமந்துகொண்டு ஆட்கள் வரிசையில் நிற்கிறார்கள். மேசைக்குப் பின்னால் ஒரு வெள்ளைச் சட்டைக்காரன் ரப்பரை நிறுத்துப் பார்க்கிறான். வரிசையின் ஓரத்தில் துப்பாக்கியோடு இன்னொருவன். அவனும் கறுப்பன்தான், அந்த ஊர்க்காரன்தான். சொன்ன அளவுக்கு ரப்பர் கொண்டுவராத ஊர்களில் மனிதர்களின் கைகளை வெட்டினார்கள் என்று படத்துக்குக் கீழே எழுதியிருந்தது. நான் பொட்டலத்தை மூடி வைத்துவிட்டேன்.

நான் இங்கே மலேசியாவில், அசாம் ஜாவா பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். அப்பா அங்கே மண்டோர். விடியற்காலையில் வேலையாட்களை வரிசையில் நிறுத்திப் பெரட்டு என்கிற ஆள்கணக்கு எடுத்து, யாருக்கு எந்த மர நிரை என்று பிரித்துக் கொடுத்து, நாள் முழுக்க அவர்களை மேய்க்கிற வேலை. அம்மா முதலில் பால்மரம் வெட்டினார், அதாவது பட்டையைக் கீறி ரப்பர்ப் பால் எடுத்தார். ரப்பரை அழித்து எண்ணெய்க்குச் செம்பனை நட்ட பிறகு உதிரிப் பழம் பொறுக்கினார். நானும் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் மரத்தில் மாட்டிய மங்குகளில் காய்ந்த ஒட்டுப்பாலை உரித்துச் சாக்கில் போட்டவள்தான். அந்த நாற்றம் கையை விட்டுப் போக எத்தனை தடவை சோப்புப் போட வேண்டும் என்று எனக்குத் தெரியும். ரப்பரைப் பற்றி எனக்கு எவரும் பாடம் நடத்த வேண்டியதில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பெரிய நினைப்பு.

அந்தப் புத்தகம் என் கைக்கு வந்ததில் ஒரு விசேஷமும் இல்லை. சுங்கை சோவில் நான் குடியிருக்கும் வீட்டுக்கு வரும் வழியில் ஒரு கிடங்கில் பழைய ஆங்கிலப் புத்தகங்களைக் குவித்துப் போட்டு விற்றார்கள். என் மகளுக்குச் சமையல் புத்தகம் தேடப் போனேன். ஒரு அட்டையில் மரப்பட்டையைச் சாய்வாகக் கீறிய படம் இருந்தது. பால்மரம் போலிருக்கிறது என்று எடுத்தேன். சமையல் புத்தகம் வாங்கவில்லை. அடுத்த வாரம் மறுபடியும் போய், ஆப்பிரிக்கா, அரபு நாடுகள் என்று எந்த அட்டையில் போட்டிருந்தாலும் அள்ளிக்கொண்டு வந்தேன். நான் படித்தது ஐந்தாம் படிவம் வரை, பள்ளிப் படிப்போடு சரி. தெரியாத சொல்லுக்குக் கைப்பேசியில் அர்த்தம் பார்த்துப் பார்த்து, ஒரு பக்கத்துக்கு அரை மணி நேரம் பிடிக்கும். பிடிக்கட்டும் என்று படித்தேன்.

படிக்கப் படிக்க வயிறு எரிந்தது. எகிப்தில் குடியானவர்களைக் கூட்டம் கூட்டமாகப் பிடித்து வந்து கால்வாய் வெட்ட வைத்தார்கள். வெட்டி முடித்த கால்வாயில் வேறு யாரோ கப்பல் விட்டார்கள். அல்ஜீரியாவில் தலைமுறை தலைமுறையாக உழுத நிலத்துக்குத் தாள் எங்கே என்று கேட்டு, தாள் இல்லையென்றால் நிலமும் இல்லை என்று பிடுங்கிக்கொண்டார்கள். கென்யாவில் நல்ல மண்ணை எல்லாம் எடுத்துக்கொண்டு, அதே மண்ணுக்குச் சொந்தக்காரனைக் கூலிக்கு வைத்தார்கள். எல்லாம் முடிந்து வெள்ளைக்காரன் கொடி இறங்கிய பிறகு, மேம்பாடு என்ற ஒரு சொல்லைத் தூக்கிக்கொண்டு அதே ஆட்கள் முன்வாசல் வழியாகத் திரும்பி வந்தார்கள். நான் பென்சிலால் ஓரத்தில் எழுதிக்கொண்டே போனேன். நல்ல தமிழ் வசவுகள்தான், இங்கே சொல்ல முடியாது.

கேண்டீனில் என்னோடு உட்காரும் தோழிக்கு என்னைப் பார்த்தால் சிரிப்பு. அவளும் தோட்டத்துப் பிள்ளைதான்.

"கறுப்பனுங்க கதையப் படிச்சி ஒனக்கு என்னா லா கெடைக்கப் போவுது? மூஞ்சிய ஏன் அப்படி வெச்சிருக்க?"

"நம்ம ரெண்டு பேரும் என்னா வெள்ளையா?" என்று கேட்டேன்.

அவள் இரண்டு நாள் பேசவில்லை. எனக்கு அதிலும் கோபம்தான். அவள் குடியிருக்கும் அடுக்குமாடியில் ஆப்பிரிக்க மாணவர்கள் வாடகைக்கு வந்தபோது கையெழுத்து வேட்டை நடத்தி விரட்டியவர்களில் அவளும் ஒருத்தி. நம்மைக் கூலி என்று சொன்னவனை மறந்துவிட்டு, நமக்குக் கீழே யாராவது கிடைப்பானா என்று தேடுகிற புத்தி நமக்கு எங்கிருந்து வந்தது? அதையும் ஓரத்தில் எழுதி வைத்தேன்.

அம்மா போய்ச் சேர்ந்து மூன்று வருடமாகிறது. அதிலிருந்து அப்பா என்னோடுதான் இருக்கிறார். எழுபத்து நான்கு வயது. இரண்டு கண்ணிலும் புரை, ஒன்றில் மட்டும் அறுவை செய்திருக்கிறார்கள். பேப்பர் படிக்க முடியவில்லை என்று புலம்புவார். அதனால் ஞாயிற்றுக்கிழமை காலையில், தோசைக்குப் பிறகு, என் புத்தகத்தை அவருக்குத் தமிழில் சொல்லிக்கொண்டே படிப்பது வழக்கமாயிற்று. வீட்டுக்குள்ளும் தலையில் தொப்பியோடுதான் உட்கார்ந்திருப்பார். மண்டோர் தொப்பி, காக்கி நிறம், வெளுத்துச் சாம்பலாகிவிட்டது. சாமி கும்பிடும்போது கூடக் கழற்ற மாட்டார். துரை எதிரே வந்தால் மட்டும் அது தானாகக் கைக்கு வந்துவிடும். நான் பார்த்த துரை வெள்ளைக்காரர் இல்லை, உள்நாட்டுக்காரர்தான். ஆனாலும் மேனேஜர் என்றால் துரை. ஆள் மாறியதே தவிர அந்தச் சொல் மாறவில்லை, தொப்பி கழற்றுவதும் மாறவில்லை.

அப்பாவுக்கு நான் படிப்பது பிடித்திருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் கேட்டுவிட்டுச் சண்டைக்கு வருவார்.

"அது அங்க. நம்ம தொர அப்படி இல்ல. கோயில் கட்டிக்கக் கல்லு குடுத்தாரு, ஸ்கூல் குடுத்தாரு."

"நாம திருத்துன நெலத்துல குடுத்தாரு, அவரு வீட்லேருந்தா குடுத்தாரு? காடு அழிச்சது யாரு?"

"பேசு. ஒனக்குப் பேச்சு வருது. நான் அந்தத் தோட்டத்துல ஆளுங்கள ஒரு நாளு கை நீட்டி அடிச்சதில்ல, தெரியுமா?"

அது உண்மை. அப்பாவைப் பற்றித் தோட்டத்தில் யாரைக் கேட்டாலும் இரண்டு விஷயம் சொல்வார்கள். ஒன்று, நியாயமான மண்டோர். சொந்தப் பெண்டாட்டிக்கே தூரத்து நிரையைக் கொடுத்தவர். செம்பனை வந்த பிறகு, அல்லூர் ஓரம், அதாவது பெரிய வடிகாலை ஒட்டி, லயம் என்கிற எங்கள் வரிசை வீடுகளுக்குப் பக்கமாகவே நல்ல நிரைகள் இருந்தன. அங்கே பழம் பொறுக்கினால் நடை மிச்சம். அம்மா எத்தனையோ முறை கேட்டும் அப்பா அந்த நிரையைக் கொடுத்ததே இல்லை. அம்மா சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு மேட்டுப் பக்கம் நடப்பார். வீட்டுக்கு வந்து பாத்திரத்தை உருட்டுவார். ஊரே அப்பாவைப் புகழ்ந்தது. இரண்டாவது, கோணல் நிரை. செம்பனை நடுவதற்குக் குச்சி அடித்தபோது அல்லூர் ஓரத்தில் ஒரு மரம் வரிசை தப்பிவிட்டது. முடிச்சுப் போட்ட கம்பியை இழுத்துப் பிடித்து, முடிச்சுக்கு ஒரு குச்சி நடுகிற வேலை, தப்புவதற்கு வழியே இல்லை. துரை வந்து பார்த்துவிட்டு, எல்லோருக்கும் முன்னால் கண் தெரியவில்லையா என்று கத்தினாராம். அன்றிலிருந்து அப்பாவுக்குக் கோண மண்டோர் என்று ஒரு பட்டப்பெயர். கல்யாண வீடுகளில் இன்றைக்கும் யாராவது சொல்லிச் சிரிப்பார்கள், அப்பாவும் சிரிப்பார்.

இந்த வருடம் தோட்டத்தை விற்றுவிட்டார்கள். வீட்டுமனைகள், கடைத்தெரு, என்னென்னவோ வரப்போகிறது. செம்பனைகளுக்கு முப்பது வயது. வெட்டி மறுநடவு செய்திருக்க வேண்டியவை, விற்கப்போகிற நிலம்தானே என்று அப்படியே உயர விட்டிருந்தார்கள். லயங்கள் எப்போதோ காலி. கோயில் மட்டும் இருந்தது, கல்லறைகள் இருந்தன. பழைய ஆட்களை எல்லாம் கோயில் மண்டபத்துக்குக் கூட்டம் என்று கூப்பிட்டார்கள். நான் விடுப்பு எடுத்துக்கொண்டு, அப்பாவைக் காரில் உட்கார வைத்துக்கொண்டு போனேன். பையில் இரண்டு புத்தகம். சண்டைக்குப் போகிறவள் ஆயுதத்தோடுதானே போவாள்.

வாங்கிய கம்பெனியிலிருந்து ஒரு அதிகாரி வந்திருந்தார். நடுத்தர வயது, நம்ம ஆள்தான், மரியாதையாகத்தான் பேசினார். சுவரில் வரைபடத்தை மாட்டி, கல் வைத்த இடுகாடு இது, இதை நாங்கள் தொடமாட்டோம், வேலி போட்டுக் கொடுப்போம் என்றார். இதைத் தவிர வேறு எங்காவது அடக்கம் செய்திருந்தால் இந்த மாதத்துக்குள் இடத்தைக் காட்டுங்கள், குறித்துக்கொண்டு, எடுத்து இங்கேயே அடக்கம் செய்ய ஏற்பாடு செய்வோம், அதற்குப் பிறகு இயந்திரம் இறங்கிவிடும், எங்களாலும் ஒன்றும் செய்ய முடியாது என்றார்.

பின்வரிசையிலிருந்து ஒரு அம்மா எழுந்தார். பக்கத்து லயத்து அத்தை. சொந்த அத்தை இல்லை, ஆனால் நான் அவர் மடியில் வளர்ந்தவள். இப்போது சபாக்கில் மகன் வீட்டில் இருக்கிறார்.

"சார், சின்னப் புள்ளைங்கள எல்லாம் அங்க பொதைக்கல. அல்லூரு பக்கமா எங்கியோ… எம் மகளும்…"

அங்கேதான் நான் அந்தப் பாழாய்ப்போன தப்பைச் செய்தேன். அத்தை சொல்லி முடிக்கவில்லை. நான் எழுந்துவிட்டேன். தாள் இல்லாத நிலம் என்று என் மண்டைக்குள் மணி அடித்தது. அல்ஜீரியாவில் ஆரம்பித்தேன். கென்யாவுக்குப் போனேன். காங்கோவின் ரப்பருக்கு வந்தேன். வரைபடத்தில் இல்லாததெல்லாம் இல்லாததாகிவிடுமா என்று கேட்டேன். மேம்பாடு என்பது யாருக்கு மேம்பாடு என்று கேட்டேன். நன்றாகத்தான் பேசினேன், அதை நினைத்தால் இன்னும் எரிச்சலாக இருக்கிறது. கோயில் தலைவர் கையை உயர்த்தும்போது நான் எகிப்துக் கால்வாயில் இருந்தேன்.

"ஆப்பிரிக்கா கதைய அப்புறமா பேசிக்கலாம்மா. நேரமாவுது."

சிலர் சிரித்தார்கள். அத்தை எப்போதோ உட்கார்ந்துவிட்டிருந்தார். அதிகாரிக்கு மட்டும் அத்தை சொன்னது நினைவிருந்தது. முன்வரிசையில் இருந்த அப்பாவைப் பார்த்து, பழைய மண்டோர் நீங்கள்தானே, அல்லூர் ஓரத்தில் அடக்கம் செய்த இடம் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார்.

அப்பா எழுந்தார். தொப்பி கைக்கு வந்துவிட்டது.

"இல்லீங்கய்யா. அங்க வெறும் மரந்தான்."

மண்டோரே சொல்லிவிட்டார், அதற்கு மேல் கேட்க ஆளில்லை. கூட்டம் முடிந்தது. தேநீரும் கறிபாப் பலகாரமும் கொடுத்தார்கள். அத்தை என்னிடம் வந்து, "நல்லா பேசுனம்மா," என்று சொல்லிவிட்டுப் போனார். அவரிடம் முகம் கொடுக்க முடியவில்லை எனக்கு.

காரில் வாய் மூடாமல் கேட்டேன். ஏன் இல்லை என்றீர்கள்? அங்கேதானே பிள்ளைகளைப் புதைத்தார்கள்? எனக்கே தெரியுமே! என் தம்பியும் அங்கேதான் இருக்கிறான். எனக்கு ஆறு வயதிருக்கும்போது பிறந்து, எட்டு மாதத்தில் காய்ச்சலில் போனவன். எந்த இடம் என்றுதான் எனக்குத் தெரியாது. எங்கள் தோட்டத்தில் பெண்கள் அடக்கம் செய்கிற இடத்துக்குப் போவதில்லை. ஆண்கள் துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு போவார்கள், மண்வெட்டியைக் கழுவிக்கொண்டு திரும்பி வருவார்கள். அம்மாக்கள் லயத்து வாசலோடு நின்றுவிட வேண்டும். பெரியவர்களுக்காவது பிறகு கல் வைப்பார்கள், பிள்ளைகளுக்கு அதுவும் கிடையாது. குழி வெட்டிய ஆண்கள் ஒவ்வொருவராகப் போய்ச் சேர்ந்து, கடைசியில் இடம் தெரிந்தவர் என்று மிஞ்சியது அப்பா ஒருவர்தான்.

அப்பா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே வந்தார். பயந்துவிட்டார், எவனைப் பார்த்தாலும் துரையாகத் தெரிகிறது இவருக்கு என்றுதான் நான் நினைத்தேன்.

வீட்டுக்கு வந்ததும் சோறு போடவில்லை. புத்தகத்தை எடுத்தேன். துப்பாக்கிக்காரர்களைப் பற்றி ஒரு அத்தியாயம் இருந்தது. கம்பெனிக்காகச் சொந்த ஊர்க்காரனைக் காவல் காத்தவர்கள், ரப்பர் குறைந்தால் சொந்த ஊர்க்காரனின் கையை வெட்டியவர்கள். வேண்டுமென்றே அதை எடுத்து, ஒரு வரி விடாமல் தமிழில் சொன்னேன்.

"இவனுங்கதாம்பா நாயிங்க," என்றேன். "வெள்ளக்காரன்கூட ரெண்டாவதுதான். இவனுங்க மட்டும் முடியாதுன்னு சொல்லியிருந்தா, அவனால ஒரு மரத்த வெட்டியிருக்க முடியுமா?"

அப்பா தொப்பியின் விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்.

"அந்தக் காவக்காரனுங்களுக்குப் புள்ளகுட்டி இருந்துச்சாம்மா? அதுல போட்டிருக்கா?"

"அதெல்லாம் போடல."

"போட மாட்டாங்க," என்றார்.

அப்புறம்தான் சொன்னார். ரப்பரை அழித்துச் செம்பனை நட உத்தரவு வந்தபோது, அல்லூர் ஓரத்தில் பிள்ளைகள் கிடக்கிறார்கள் என்று துரையிடம் சொல்லத்தான் போனாராம். தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றாராம். துரை நிமிர்ந்து பார்த்து, "என்ன?" என்றாராம். "ஒண்ணுமில்லீங்கய்யா" என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்தாராம். அந்த ஓரத்தில் மண் சேறு, இயந்திரம் இறங்கவில்லை, மரங்களை ரம்பத்தால் வெட்டினார்கள். அதன் மேல் இவர்தான் கம்பி இழுத்தார், இவர்தான் குச்சி அடித்தார்.

"மரம் நடற குழி மொழங்கா ஆழந்தாம்மா. புள்ளைங்க அதுக்கும் கீழ."

பதினொரு பிள்ளைகள். குச்சிகள் ஒவ்வொன்றாக அவர்கள் மேலேயோ பக்கத்திலேயோ விழுந்துகொண்டே வந்தன. ஒரு குச்சி நேராக என் தம்பி மேல் விழுந்தது. அந்த ஒன்றை மட்டும் அப்பா பிடுங்கி நான்கடி தள்ளி நட்டார். அதுதான் கோணல் நிரை. அதற்குத்தான் துரை கத்தினார். அதற்குத்தான் கல்யாண வீடுகளில் சிரித்தோம்.

"மத்த புள்ளைங்க?" என்று கேட்டேன்.

"எல்லாக் குச்சியையும் நவுத்த முடியாதும்மா. ஒண்ணுக்கே அந்தப் பேச்சு."

"அம்மாவுக்கு ஏன் அந்த நெரய குடுக்கல?"

அதை அவர் வாயால் சொல்லத் தேவையும் இல்லை. தன் பெண்டாட்டி தன் பிள்ளையின் மேல் மிதித்துக்கொண்டு பழம் பொறுக்குவதை அவரால் பார்க்க முடியவில்லை. மற்ற அம்மாக்கள் மிதித்தால் பரவாயில்லை. நல்ல நிரை என்று அவர்களுக்குத்தான் கொடுத்தார். அவர்கள் மண்டோரை வாயார வாழ்த்திக்கொண்டே, குனிந்து குனிந்து, பத்து வருடம், பதினைந்து வருடம் அங்கே பொறுக்கினார்கள். அத்தையும்தான். அம்மா சாகிற வரைக்கும் தனக்கு அநியாயம் நடந்தது என்று நினைத்துக்கொண்டே செத்துப்போனார்.

நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று எழுத மாட்டேன். அப்பாவை யாரும் அப்படிப் பேசியிருக்க மாட்டார்கள், துரை உட்பட. பிறகு நான்கு நாள் பேசவில்லை. சாப்பாட்டை மேசையில் வைப்பேன், மாத்திரையை வைப்பேன், என் அறைக்குப் போய்விடுவேன். புத்தகத்தை எடுத்தாலும் ஓடவில்லை. கேண்டீனில் முதலில் பார்த்த அந்தப் படத்தையே திரும்பத் திரும்பப் பார்த்தேன். இத்தனை மாதமாக நான் வரிசையில் கூடையோடு நிற்பவர்களின் பக்கத்தில் என்னை நிறுத்தி வைத்துக்கொண்டு கொதித்திருக்கிறேன். யார் எனக்கு அங்கே இடம் கொடுத்தது? மண்டோர் வீடு என்பதால்தான் எங்களுக்கு லயத்தில் இடம் தாராளமான ஓரத்து வீடு கிடைத்தது. மண்டோர் மகள் என்பதால்தான் கணக்கெழுதும் கிராணி வீட்டுப் பிள்ளைகள் போகிற லோரியில் என்னையும் ஏற்றி டவுன் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார்கள். என் ஆங்கிலம் அங்கே படித்த ஆங்கிலம். அத்தை பிள்ளைகளுக்கு அந்த லோரி நிற்கவில்லை. காங்கோவிலும் அந்தத் துப்பாக்கிக்காரனின் மகளுக்குத்தான் முதலில் புத்தகம் கிடைத்திருக்கும். அவளும் இப்படித்தான் உட்கார்ந்து படித்துவிட்டுக் கொதித்திருப்பாள்.

ஐந்தாம் நாள் காலையில் அப்பாவின் அறை வாசலில் நின்று சொன்னேன்.

"நீங்க வந்து காட்டணும். அத்த முன்னாடி. எல்லாத்தையும்."

"தொர எதாச்சும்…" என்று ஆரம்பித்தார்.

"எந்தத் தொரப்பா? அவரு செத்து எத்தன வருசமாச்சு! தோட்டத்தையே வித்துட்டாங்க. இன்னும் யாருக்குப் பயப்படுறீங்க?"

அவர் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார், இந்தக் கேள்வியை இதற்கு முன் யாரும் தன்னிடம் கேட்டதில்லை என்பது போல. பிறகு கட்டிலுக்கு அடியில் குனிந்து பழைய பூட்ஸைத் தேட ஆரம்பித்தார்.

அதிகாரிக்கு நான்தான் போன் செய்தேன். சபாக்குக்கும் செய்தேன். அத்தையிடம், "எடம் தெரிஞ்சிருக்கு, வாங்க," என்று மட்டும் சொன்னேன். மற்றதைச் சொல்ல வேண்டியது நான் இல்லை. சனிக்கிழமை காலை எல்லோரும் அல்லூர்ப் பாலத்துக்குப் பக்கத்தில் கூடினோம். அதிகாரி சிவப்புச் சாயமும் ஒரு தாளும் கொண்டுவந்திருந்தார். கோயில் தலைவர் சூடமும் ஊதுவத்தியும் வைத்திருந்தார். அத்தை புதுப் புடவை கட்டி, கையில் ஒரு பால் போத்தலோடு வந்திருந்தார். இத்தனை வருடத்தில் முதல் தடவையாக ஒரு அம்மா அந்த இடத்துக்குத் தன் பிள்ளையைப் பார்க்க வருகிறார். வரக்கூடாது என்று சொல்ல அங்கே ஆண் பிள்ளை யாரும் வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தால் நான் அல்லூரில் தள்ளியிருப்பேன்.

அப்பா பாலத்திலிருந்து நிரை எண்ணினார். கண் சரியாகத் தெரியாதவர் மரத்தைக் கையால் தட்டித் தட்டிப் பார்த்து நடந்தார். காய்ந்த மட்டைகளை நான் இழுத்துப் போட்டேன். ஒரு இடத்தில் வரிசை உடைந்தது. அத்தனை மரங்களும் ஒழுங்காக நிற்க, ஒன்று மட்டும் நான்கடி விலகி நின்றது. அது நிற்க வேண்டிய இடத்தில் புல் மட்டும் இருந்தது. அப்பா அங்கே ஒரு நொடி நின்றார். இது என் மகன் என்றார் அதிகாரியிடம். அதிகாரி சாயம் போட்டார். என் தம்பி கிடக்கிற இடத்தை நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

பிறகு அப்பா அங்கிருந்து மற்றவற்றை எண்ணிச் சொன்னார். இந்த மரத்தடி இன்னாருடைய மகன், அந்த மரத்துக்கு ஒரு முழம் தள்ளி இன்னாருடைய இரட்டைப் பிள்ளைகள். முப்பது வருடமாக ஒன்றையும் மறக்கவில்லை மனிதர். மறக்காமல் வைத்திருந்தாரே என்று எனக்கு நெஞ்சு இளகவில்லை. மறக்காமல் இருந்துகொண்டே எப்படி வாயை மூடிக்கொண்டிருந்தார் என்றுதான் ரத்தம் கொதித்தது. மரம் நட்டது யார் உத்தரவில், குச்சி அடித்தது யார், எந்தக் குச்சியை மட்டும் நகர்த்தினார் என்பதையும் அவரே சொன்னார். அதிகாரிக்குச் சொல்வது போல ஆரம்பித்து, கடைசியில் அத்தையைப் பார்த்துச் சொன்னார்.

பத்துப் பிள்ளைகளின் இடத்தில் சாயம் ஏறிவிட்டது. அத்தை அதுவரை பால் போத்தலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, பழைய பெரட்டு வரிசையில் நிற்பது போலவே நின்றிருந்தார். காலையில் பெரட்டில் தினமும் கேட்கிற கேள்வியை, அதே குரலில் கேட்டார்.

"எனக்கு எந்த எடம், மண்டோரண்ணே?"

அப்பா ஒரு மரத்தைக் காட்டினார்.

"அதான், தங்கச்சி. நீங்க தெனம் வந்ததும் சாக்கு வெச்சிட்டு, வெத்தல போட ஒக்காருவீங்களே. அந்த மரம்."

அத்தை போய் அந்த மரத்தடியில் உட்கார்ந்தார். எப்போதும் உட்கார்ந்த பக்கத்தில் இல்லை, எதிர்ப்பக்கம், தரையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, மெதுவாக. பால் போத்தலைத் திறக்க அவருக்குக் கை வரவில்லை. நான் போய்த் திறந்து கொடுத்தேன். திரும்பிப் பார்த்தபோது அப்பா அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தார். தொப்பி அவர் கையில் இருந்தது. அங்கே துரை யாரும் இல்லை.